மேயரம்மா இடித்த தெரு

எங்கள் தெருவில் என்னை மேயரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையெல்லாம் இல்லை, சுத்தக் கிண்டல். பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எந்தத் தடத்துக்குப் போக வேண்டும் என்று ஒதுக்குகிற வேலை எனக்கு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து ஊர் கட்டுவேன். அது ஒரு விளையாட்டு. அதில் வெற்றியும் கிடையாது, தோல்வியும் கிடையாது. வெறும் நிலமும் ஓர் ஆறும் கொடுப்பார்கள், மீதி நம் சமர்த்து. "கல்யாணம் பண்ணியிருந்தா இந்நேரம் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும், இவ என்னடான்னா பள்ளிக்கூடம் கட்டிக்கிட்டு இருக்கா" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

பலர் அந்த விளையாட்டை ஆடுகிற விதம் எனக்குப் பிடிக்காது. எடுத்த எடுப்பில் கட்டம் கட்டமாகச் சாலை போடுவார்கள், நடுவில் நாலு உயரமான கட்டடத்தை நட்டுவைப்பார்கள், முடிந்தது நகரம். அது நகரமா, சதுரங்கப் பலகையா? உண்மையான ஊர் அப்படி வளராது. முதலில் ஆற்றைக் கடக்க ஓர் இடம் வேண்டும். அங்கே இரண்டு கடை வரும். கடைக்குப் போகிற தடம் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும், ஏனென்றால் சுமையோடு வருகிறவன் மேட்டில் ஏற மாட்டான். பிறகு ஆலை வரும், ரயில் வரும், அடுக்குமாடி வரும். அந்தப் பழைய வளைவு மட்டும் தார் பூசிக்கொண்டு அப்படியே கிடக்கும். நான் ஊர் வளர்ப்பது இப்படித்தான். ஒரே ஊரை வருஷக்கணக்கில் வளர்த்திருக்கிறேன்.

எனக்கென்று ஒரு விதியும் உண்டு. அந்த விளையாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவரைச் சொடுக்கினால் அவர் எங்கே வேலைக்குப் போகிறார், எந்தப் பேருந்தில் திரும்பி வருகிறார் என்பதெல்லாம் தெரியும். அவர் வீட்டை இடித்தால், கையில் ஒரு பையோடு நடைபாதையில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வரைபடத்தின் ஓரம்வரை நடந்துபோய்க் காணாமல் போய்விடுவார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. அதனால் முதலில் மாற்று வீடு கட்டுவேன். தண்ணீர் வர வேண்டும், பேருந்து நிற்க வேண்டும், பிள்ளைகள் நடந்துபோகிற தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும். அவர்கள் குடியேறிய பிறகுதான் இடிக்கிற கருவியில் கை வைப்பேன். இணையத்தில் இதைச் சொன்னபோது ஆளாளுக்குச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த விதி அண்ணனுக்குத் தெரியும். விளையாட்டை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவன்தான். அப்பா இறந்துபோன வருஷம் நான் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதையாவது பாரு" என்று கொண்டுவந்து வைத்தான். அண்ணன் பொறியாளர். ஊர் ஊராகச் சாலைத் திட்டம் போட்டுக் கொடுக்கிற நிறுவனத்தில் இருக்கிறான். அண்ணியோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கிறான். ஞாயிறு தவறாமல் எங்களைப் பார்க்க வந்துவிடுவான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"பாப்பா, உனக்கு ஒரு ஊர் கொண்டு வந்திருக்கேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் கட்டினது. புதுசா ஒரு பாலம் போட்டான், அதோட சரி. டிராஃபிக் நகரவே மாட்டேங்குது. மண்டைய பிச்சுக்கிட்டு இருக்கான்."

"இடிக்கலாமா?"

"இடிக்கலாம். ஆனா ரொம்ப குறைச்சலா இடிக்கணும். பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் தொடவே கூடாது. பாலத்துலேர்ந்து பெரிய ரோட்டுக்கு ஒரு வழி கண்டுபிடி. அதான் பந்தயம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த பொறியாளர்கள் திணறுகிற இடத்துக்கு என்னைக் கூப்பிடுகிறானே என்ற பூரிப்பு. அன்றைக்கே உட்கார்ந்தேன். இடது பக்கம் ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலம் வந்து முடிகிற இடத்தில் ஒரு கொத்துத் தெருக்கள். கட்டியவன் நன்றாகத்தான் கட்டியிருந்தான். சதுரங்கப் பலகைக்காரன் இல்லை. பழைய ஊர் மாதிரியே குறுகலும் முடுக்குமாக இருந்தது.

அடுத்த சில வாரங்கள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. முதலில் வண்டிகளைத்தான் கவனித்தேன். எங்கிருந்து வருகின்றன, எங்கே போகத் துடிக்கின்றன, எந்தத் திருப்பத்தில் முட்டிக்கொள்கின்றன. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நேராக என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். ஏன் இந்தப் பக்கம் போகவில்லை, ஏன் இங்கே வளைத்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். அதுவரை என் விளையாட்டை ஒருவரும் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"இந்தத் தெருவப் பாரேன்" என்றேன் ஒருநாள். ஆலைக்குப் பின்னால் ஒரு தெரு புழு நெளிகிற மாதிரி போயிற்று. "எந்தப் புண்ணியவான் போட்டான் இத? ஒரு வண்டி நின்னா அடுத்த வண்டி நாள் முழுக்க நிக்கணும். இதுக்கு நடுவுல விட்டாதான் பாலத்துக்கு விமோசனம்."

அண்ணன் சிரித்தான். "பழைய தெருவா இருக்கும்" என்றான்.

கடைசியில் வழி கிடைத்தது. பாலத்திலிருந்து இறங்கி, அந்தப் புழுத் தெருவின் ஒரு பக்க வரிசையையும் எதிர்ப்பக்கம் ஒரு வீட்டையும் மட்டும் எடுத்துவிட்டு, நீரேற்று நிலையத்துக்குப் பக்கத்தில் லேசாக ஒடித்து, பெரிய சாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த ஒடிப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. நேராக விட்டிருந்தால் நீரேற்று நிலையம் போயிருக்கும், இன்னும் வளைத்திருந்தால் பள்ளிக்கூடத்துச் சுவரை உரசியிருக்கும். இடிப்பதற்கு முன்னால் என் வழக்கப்படி பழைய சந்தைத் திடலில் மூன்று வரிசை வீடு கட்டினேன், அத்தனை பேரையும் குடியேற்றினேன், பேருந்தும் விட்டேன். பிறகு கருவியை எடுத்து அந்த வரிசையின் மேல் ஒரே இழுப்பு. அண்ணன் கைதட்டினான். பென்டிரைவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

சில மாதம் கழித்து மாநகராட்சியிலிருந்து வீடு வீடாக ஒரு துண்டுத்தாள் வந்தது. புதிய பாலத்துக்கு இணைப்புச் சாலை வரப்போகிறது, வரைபடம் அலுவலகக் கூடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, கருத்துக் கேட்பு பிறகு நடக்கும் என்று. எங்கள் எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டின் முன்பக்கமே அவருக்குக் கடை. சாவி செய்கிற இயந்திரம், சுவர் முழுக்கத் தொங்குகிற வெற்றுச் சாவிகள், வாசலில் ஒரு நாற்காலி. ஊரில் பாதிப் பேர் அவர் செய்த சாவியில்தான் வீட்டைத் திறக்கிறார்கள்.

"மேயரம்மா, வாங்க போய்ப் பாத்துட்டு வருவோம். எனக்கு மேப்பு கீப்பெல்லாம் புரியாது."

"பயப்படாதீங்க அண்ணாச்சி" என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னாள். "அது எங்க பையன் கம்பெனி போடுற ரோடுதான். அவன் பாத்துப்பான்."

எனக்கு அது புதுச் செய்தி. என்னிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு வரைபடம் தொங்கியது. புதுச் சாலையைச் சிவப்பில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நல்ல பாதை. யாரோ விவரமான ஆள் போட்டிருக்கிறான், நீரேற்று நிலையத்தை எவ்வளவு பாந்தமாக ஒதுக்கிவிட்டான் என்றுதான். வாயைத் திறந்து பூட்டுக்காரரிடம் சொல்லக்கூடச் செய்தேன். அந்த ஒடிப்பை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே விரல் நின்றுவிட்டது.

"நம்ம தெரு எங்க இருக்கு இதுல?" என்று கேட்டார்.

காட்டினேன். சிவப்புக் கோடு அவர் கடையின் மேல் போயிற்று. பக்கத்து வீடுகளின் மேலும் போயிற்று. பிறகு தெருவைக் குறுக்காகக் கடந்து, எங்கள் சமையலறையைத் தின்றுவிட்டு அப்பால் போயிற்று.

அவரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மடிக்கணினியில் அந்த ஊரைத் திறந்தேன். என்னிடம் ஒரு பிரதி இருந்தது. அம்மாவின் அறையில் பீரோ கண்ணாடி ஆளுயரம் இருக்கும். அதன் முன்னால் போய்க் கணினியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி, கம்ப்யூட்டருக்குப் பவுடர் பூசப் போறியா?" என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே.

கண்ணாடியில் ஆறு வலது பக்கம் வந்துவிட்டது. பாலம் எங்கள் பாலம். ஆலை எங்கள் ஆலை. ஆலைக்குப் பின்னால் நெளிந்து போனது நான் நடை பழகிய தெரு. பிறந்ததிலிருந்து அதில் நடந்துகொண்டிருக்கிறேன், ஆனால் ஒருநாளும் மேலேயிருந்து பார்த்ததில்லை. தினமும் வாசலில் நின்று பார்க்கிறவளுக்குக் கூரை எப்படித் தெரியும்? அதையும் அவன் இடவலம் மாற்றிக் கொடுத்திருக்கிறான். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று மெனக்கெட்டு, யோசித்து, திருப்பிக் கொடுத்திருக்கிறான். நான் பூரித்துப்போய் என் அம்மாவின் சமையலறையை இடித்துக் காட்டியிருக்கிறேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறான். கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு வந்தான். அம்மா குளிக்கப் போயிருந்தாள். நான் மடிக்கணினியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தேன். அவன் பார்த்தான். மழுப்பவில்லை. அது ஒன்றுதான் மிச்சம்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"ஏன்ணா இப்படி பண்ணின?"

"நம்ம தெருன்னு சொல்லியிருந்தா நீ வரைஞ்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான். நாங்க போட்ட மூணு வழியும் பள்ளிக்கூடத்த அடிச்சுது பாப்பா. ஆபீஸ்ல எல்லாரும் கைய விரிச்சுட்டாங்க. உன் கண்ணு மாதிரி ஒரு கண்ணு அங்க யாருக்கும் கிடையாது. சத்தியமா சொல்றேன்."

"ஐஸ் வைக்காத."

"அம்மா இந்த ஈரச் சுவத்துல எத்தனை நாள் இருமிக்கிட்டு இருப்பா? நான் கூப்பிட்டா வர்றாளா? இப்ப ரெண்டு பேரும் எங்ககூட வந்துருங்க. எல்லாத்துக்கும் நல்லதுதான்."

எல்லாவற்றுக்கும் நல்லதாம். பதில் தயாராக வைத்திருந்திருக்கிறான். எத்தனை நாளாக வைத்திருந்தானோ.

"பூட்டுக்காரர் யார்கூடப் போய் இருப்பாரு? நான் சந்தைத் திடல்ல வீடு கட்டினேனே, அது எங்க? உங்க மேப்புல அந்த இடத்துல லாரி நிறுத்துற இடம்னு போட்டிருக்கு."

"வீடு எங்க வேலை இல்ல பாப்பா. எங்களுக்குக் கொடுத்தது ரோடு. வீடு வேற துறை."

"நான் ரெண்டையும் சேத்துதான் போட்டேன். முதல்ல வீடு, அப்புறம்தான் ரோடு. உனக்குத் தெரியும்."

அவன் என் கையைப் பிடித்தான். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிக்கிற மாதிரியே பிடித்தான். "சரி. கூட்டத்துல நீ பேசு. வீடு வேணும்னு கேளு. நானும் ஆமாம்னு சொல்றேன். நான் சொன்னா கூட்டத் தலைவர் கேப்பாரு. ஆனா ரோட்டு வழிய மட்டும் தப்புன்னு சொல்லிடாத. அது தப்பு இல்லைன்னு உனக்கே தெரியும்."

அதுதான் என் தலைவலி. அது தப்பு இல்லை. அவன் போன பிறகு அந்த வாரம் முழுக்க வேறு வழி தேடினேன். வடக்கே விட்டால் பள்ளிக்கூடம் போகிறது. தெற்கே விட்டால் ஆஸ்பத்திரியோடு இன்னும் இரண்டு தெரு போகிறது. சுரங்கம் தோண்டினால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வருகிறது. என்ன செய்தாலும் கடைசியில் என் கோட்டிலேயே வந்து நின்றேன். என் தெருவைக் காப்பாற்ற நான் பொய் சொல்ல வேண்டும், இல்லை அண்ணனை நம்ப வேண்டும்.

தெருக்காரர்கள் என் வீட்டில்தான் கூடினார்கள். "மேயரம்மா பேசட்டும், நமக்கெல்லாம் நாக்கு குழறும்" என்றார்கள். ஒவ்வொருவராக என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சந்தைத் திடலில் மாற்று வீடு, அது கட்டி முடியும்வரை இங்கே ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது, இதைத்தான் கேட்போம் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று மட்டும் நான் சொல்லவில்லை. கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால்தானே என் பேச்சுக்கு எடை இருக்கும், பாதையைப் போட்டவளே வீடு வேண்டும் என்கிறாள் என்றால் யார் மறுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

கருத்துக் கேட்பு நாளில் கூடம் நிறைந்துவிட்டது. மேடையில் தலைவர், பக்கத்தில் குறிப்பெடுக்கிற ஒரு பெண், ஓரத்தில் அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை. பூட்டுக்காரர் எனக்கும் அம்மாவுக்கும் முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். என் முறை வந்ததும் எழுந்தேன்.

"இந்தப் பாதைய வரைஞ்சது நான்தான்" என்றேன்.

பின்னால் சலசலப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. விளையாட்டைச் சொன்னேன். எப்படி வரைந்தேன், ஏன் அந்த ஒடிப்பு, மற்ற வழியெல்லாம் ஏன் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். பணிமனையில் நாளெல்லாம் பேசிப் பழகிய வாய், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"ஆனா இது பாதித் திட்டம்தான். முழுத் திட்டத்துல சந்தைத் திடல்ல முதல்ல வீடு வருது. ஜனங்க அங்க குடி போன பிறகுதான் இங்க இடிக்கணும். அந்த வீடுங்க இல்லாம இந்த ரோடு சரியான ரோடு இல்ல. திட்டம் போட்ட கம்பெனிக்கும் இது தெரியும். வேணும்னா அவங்களையே கேளுங்க."

தலைவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது சரியா?"

அண்ணன் எழுந்து நின்றான். என்னை ஒரு தடவை பார்த்தான். நான் தலையை அசைத்தேன், சொல்லு என்று.

"பாதையப் பத்தி இவங்க சொன்னது அத்தனையும் சரி ஐயா. ஒரு நிபுணர் சொல்ற மாதிரியே சொல்லிட்டாங்க. இதைவிட நல்ல வழி இல்லன்னு பாதிக்கப்படுறவங்களே சொல்றாங்க."

"வீடுங்க?"

"அது விளையாட்டுல கட்டினது ஐயா" என்றான்.

யாரோ சிரித்தார்கள். தலைவரும் லேசாகச் சிரித்துவிட்டார், கெட்ட எண்ணத்தில் இல்லை. வீட்டு வசதி வேறு துறை, கோரிக்கையை அவர்களுக்கு அனுப்பி வைக்கிறோம் என்றார். பிறகு குறிப்பெடுக்கிற பெண்ணிடம் குனிந்து சொன்னார். ஒலிபெருக்கி அணைக்கப்படாமல் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அந்தத் தெருவுல குடியிருக்கிறவங்களே பாதைய ஏத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்குங்க."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணன் உட்கார்ந்து தன் தாள்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தான். முதல் தடவை அவன் என்னை ஏமாற்றியபோது எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நானே நடந்துபோய், நல்ல உச்சரிப்போடு, ஊர் முன்னால் கழுத்தை நீட்டியிருக்கிறேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது, ஆனால் அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் மகனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தது. தெருக்காரர்கள் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். ஒருவரும் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். பூட்டுக்காரர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"நெசமாவே நீங்கதான் போட்டீங்களா?"

"எனக்கு நம்ம தெருன்னு தெரியாது அண்ணாச்சி."

"அது சரி. வேற யாரோட தெருவோன்னு நெனச்சுப் போட்டீங்க." கோபமே இல்லாமல் கேட்டார், பூட்டு எங்கே பழுது என்று கேட்கிற குரலில். "அதுல என் கடைய எப்படி இடிச்சீங்க? ஏதாவது பட்டன அமுக்கினீங்களா?"

பொய் சொல்ல எனக்கு இனி தெம்பு இல்லை.

"தனியா எதையும் அமுக்கல அண்ணாச்சி. முழு வரிசையும் ஒரே இழுப்புல போயிடும்."

அவர் தலையாட்டினார். கூடத்தின் கதவைத் திறந்து, அம்மா வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய்ச் சேர்வதற்குள் விட்டுவிட்டார்.